ஒரு குழாய், ஒரு மண்வெட்டி: குளிர்நாட்டு மரத்தின் வேரைப் பார்ப்பது எப்படி?

பூமி சூடாகிறது, மண்ணும் சூடாகும், குளிரில் முடங்கிக் கிடந்த வேரெல்லாம் இனி செழித்து ஓடும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயருக்குக் குடிவந்த புதிதில் நானும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கில் வெண்பனியைச் சேர்க்க மறந்திருந்தேன்.

இங்கே குளிர்காலத்தில் மண்ணுக்குக் கம்பளி வெண்பனிதான். ஓரடி பனி மேலே கிடந்தால், வெளியே மைனஸ் 20 டிகிரி இருந்தாலும் கீழே மண் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். குளிர்காலம் மிதமாகி, பனி தாமதமாக விழுந்தால் கம்பளி போய்விடும், மண் உறையும். காற்று சூடாக, மண் குளிர்கிறது! இதை வீட்டுத் தோட்டத்திலேயே பார்க்கலாம்.

படி 1: இடம்

ஒரு சுகர் மேப்பிள் அல்லது பிர்ச் மரம் போதும். அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி, ஒரே மாதிரி நிழலும் சரிவும் உள்ள இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தோண்டும் முன் 811 என்ற தொலைபேசி எண்ணை அழைத்தால், மண்ணுக்கடியில் மின்கம்பியோ எரிவாயுக் குழாயோ போகும் இடத்தை வந்து குறித்துக் கொடுப்பார்கள். இதைத் தவிர்க்காதீர்கள்.

படி 2: குழாய்

ஆய்வாளர்கள் இதை மினிரைசோட்ரான் என்பார்கள். பேர்தான் பெரிது, மண்ணில் சாய்வாகப் புதைத்த கண்ணாடி போன்ற குழாய், உள்ளே இறக்க ஒரு கேமரா, அவ்வளவே. 5 செ.மீ. அகலம், 75 செ.மீ. நீளமுள்ள அக்ரிலிக் குழாய் இரண்டு வாங்கி, அடிப்பக்கத்தை ரப்பர் அடைப்பானும் சிலிக்கோனும் வைத்து மூடுங்கள்.

துளையிடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. குழாய் இறுக்கமாக நுழைய வேண்டும். இடைவெளி விட்டால் அந்தக் காற்றுச் சந்தில் வேர் தலைகால் தெரியாமல் வளரும்; நீங்கள் பார்ப்பது காட்டு வேராக இருக்காது, சந்து வேராக இருக்கும். என் முதல் குழாய் அப்படித்தான் வீணாயிற்று. சாய்வு 45 டிகிரி. வெளியே நீட்டும் பகுதியில் ஒளி புகாமல் முதலில் கறுப்பு டேப், வெயில் சூடு இறங்காமல் அதன்மேல் வெள்ளை டேப். மண் உறையும்போது குழாயை மேலே தூக்கிவிடும் என்பதால் ஒரு முளை அடித்துக் கட்டிவிடுங்கள்.

படி 3: சும்மா இருங்கள்

ஓராண்டு. முதல் கோடையில் வரும் வெள்ளை வேர்க்கூட்டத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். துளையிட்டபோது அறுபட்ட வேர்கள் புதிதாகக் கிளைத்தவை அவை.

படி 4: படம் எடுப்பது

ஏப்ரல் முதல் நவம்பர் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, போனில் இணைக்கும் எண்டோஸ்கோப் கேமராவை ஒரு குச்சியில் கட்டி இறக்குங்கள். குச்சியில் அளவுக்கோடு இருக்கட்டும். சாய்வுக் குழாய் என்பதால், இறக்கிய நீளத்தை 0.7-ஆல் பெருக்கினால்தான் உண்மையான ஆழம் வரும்.

நாம் தேடுவது 2 மில்லிமீட்டருக்கும் மெல்லிய சல்லிவேர்களை. நீரும் சத்தும் உறிஞ்சுவது இவைதான். தடித்த வேர் மரத்தைத் தாங்கிப் பிடிக்கும், அது நம் படத்தில் வந்தால் அதிர்ஷ்டம்.

படத்தின்மேல் அரை செ.மீ. கட்டங்கள் வரைந்து, வேர் எத்தனை கோடுகளை வெட்டுகிறது என்று எண்ணுங்கள். வெட்டு எண்ணிக்கை × 0.786 × கட்ட அளவு = வேரின் நீளம். 14 வெட்டு இருந்தால் 5.5 செ.மீ.

படி 5: மண்வெட்டி

குளிர்காலம் தொடங்கியதும் ஒரு குழாயைச் சுற்றி மட்டும், முதல் நான்கைந்து வாரம், விழும் பனியை விழ விழ அள்ளிப் போடுங்கள். சருகு கலையாமல் இருக்க ஒரு மெல்லிய படலத்தை விட்டுவையுங்கள். இரு இடத்திலும் 10 செ.மீ. ஆழத்தில் தெர்மாமீட்டர் வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பல்ல. இதே மாநிலத்தின் ஹப்பர்ட் புரூக் காட்டில் இப்படிப் பனி அள்ளித்தான், லேசான உறைவுகூடச் சல்லிவேர்களைக் கொல்லும் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். குளிரே கொல்கிறது என்பதைவிட, உறைந்து வீங்கும் மண் வேரைப் பிய்த்துவிடுகிறது என்பதே அவர்கள் சொன்ன காரணம். உறிஞ்ச வேரில்லாமல், நைட்ரேட் என்ற மண்சத்து நீரோடு போய்விடும். பின்னர் அங்கேயே சூழலியலாளர் பமேலா டெம்ப்ளரின் குழுவினர் சுமார் 4 கிலோமீட்டர் சூடேற்றும் கம்பியைப் புதைத்து, வளர்பருவத்தில் மண்ணை 5 டிகிரி சூடாக்கினார்கள். சில இடங்களில் குளிர்காலத்தில் பனியையும் அள்ளினார்கள். கோடைச் சூடு கொடுத்ததைக் குளிர்கால உறைவு பறித்துக்கொண்டது.

படி 6: ஈரத்தையும் குறியுங்கள்

வேர் கூடினால் உடனே "சூட்டில் செழித்தது" என்று எழுதிவிடாதீர்கள். மினசோட்டா மாநிலத்தில் நடந்த ‘ஸ்புரூஸ்’ (SPRUCE) என்ற ஆய்வில், சதுப்புக்காட்டை 9 டிகிரி வரை சூடாக்கிப் பார்த்தபோது, மரங்களைவிடப் புதர்களின் சல்லிவேர்தான் மளமளவென்று கூடியது: முதலாண்டில், டிகிரிக்கு 130 சதவீதம். சூட்டில் சதுப்பு காய்ந்ததற்கும் அதில் பங்கு உண்டு. நீரில் மூழ்கிக் கிடந்த மண்ணுக்குள் காற்று புகுந்ததும் வேரும் இறங்கியது. உங்கள் மேட்டுத் தோட்டத்தில் அதே வறட்சி வேரைக் காயவும் வைக்கலாம். அதனால் படம் எடுக்கும் நாளெல்லாம் ஈரமானி காட்டும் எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பனி உருகியதும் பனி அள்ளிய பக்கத்துக் குழாயில் பழுப்பாக, சுருங்கியதுபோலச் சில வேர்கள் தெரியும். "செத்தது" என்று ஏப்ரலில் குறிக்காதீர்கள். ஜூன் வரை பொறுங்கள். அப்படி நான் கணக்குத் தீர்த்த ஒரு வேரின் நுனியில், மே கடைசியில், அரிசி முனைபோல வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது.