பேபி பூமர்: விளக்கு விட்டுவிட்டு எரியாமல் ஓட, குறி தப்பாமல் சுட

கலர் ட்ரீம்ஸ் நிறுவனம் 1989-இல் நின்டெண்டோவிடம் உரிமம் வாங்காமலேயே என்.இ.எஸ். வீடியோ கேம் கன்சோலுக்கு வெளியிட்ட லைட் கன் (டிவி திரையை நோக்கிச் சுடும் துப்பாக்கி) விளையாட்டு இது. தவழ்ந்து போகும் குழந்தைக்கு ஆபத்தாக வருவதையெல்லாம் சுட்டு வீழ்த்த வேண்டும். 'ஓடாத கார்ட்ரிட்ஜ்' (விளையாட்டு அடங்கிய, கன்சோலில் செருகும் பெட்டி) என்று ஓரங்கட்டப்பட்டவற்றில் பலவும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன.

முதலில் துப்பாக்கியைச் சோதியுங்கள். என்.இ.எஸ்.ஸின் லைட் கன்னான ஸாப்பரை இரண்டாவது போர்ட்டில் செருகி, டக் ஹன்ட் என்ற உரிமம் பெற்ற லைட் கன் விளையாட்டை ஓட்டிப் பாருங்கள். அதிலும் குறி விழவில்லை என்றால் டிவியைக் கவனியுங்கள். விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடிக்கும் குறைவாகக் கறுத்து, குறி இருக்கும் இடம் மட்டும் வெளுக்கும். அந்த வெளிச்சம் சுமார் 15.7 கிலோஹெர்ட்ஸில் துடித்தால்தான் ஸாப்பர் ஏற்கும். பழைய பிக்சர் டியூப் டிவியில் அது தானாகவே நடக்கும். எல்.சி.டி.யில் அந்தத் துடிப்பே கிடையாது, படமும் தாமதமாகத்தான் வரும். 100 ஹெர்ட்ஸ் டியூப் டிவியும் உதவாது. சரியான டிவியிலும் தப்பினால் பிரைட்னஸைக் கூட்டி, இரண்டு மீட்டர் தூரத்துக்குள் நின்று சுடுங்கள். குழலுக்குள் இருக்கும் லென்ஸில் தூசி படிந்திருந்தால் துடைத்துவிடுங்கள்.

டக் ஹன்ட் ஓடுகிறது, பேபி பூமர் போட்டால் மட்டும் பவர் விளக்கு நொடிக்கொரு முறை அணைந்து எரிகிறது என்றால் காரணம் பூட்டுச் சிப். கன்சோலில் இருக்கும் சிப், கார்ட்ரிட்ஜில் தன் ஜோடியைத் தேடும்; கிடைக்காவிட்டால் கன்சோலை ரீசெட் செய்துகொண்டே இருக்கும். கலர் ட்ரீம்ஸ் கார்ட்ரிட்ஜில் அந்த ஜோடி கிடையாது. நெகட்டிவ் வோல்டேஜை அடித்துக் கன்சோல் சிப்பைத் திணறடிப்பதுதான் அதன் வழி. நின்டெண்டோ பின்னால் வந்த போர்டுகளில் டையோடு போட்டு அதைத் தடுத்தது. அதனால்தான் ஒரே கார்ட்ரிட்ஜ் ஒரு கன்சோலில் ஓடும், இன்னொன்றில் ஓடாது.

கார்ட்ரிட்ஜின் தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட காட்டன் பட்ஸால் பஞ்சில் கறுப்பு வராத வரை துடையுங்கள். முனை அழுக்காக இருந்தால் அந்த நெகட்டிவ் அடி சிப்பைப் போய்ச் சேராது. அப்படியும் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், அடாப்டரைக் கழற்றிவிட்டு கன்சோலைத் திறந்து, 3193 என்று அச்சிட்ட ஐசியை, அதாவது அந்தப் பூட்டுச் சிப்பைத் தேடுங்கள் (ஐரோப்பியக் கன்சோல்களில் எண் வேறு). அதன் 4-ஆவது காலை வெட்டி, மேலே தூக்கி, கிரவுண்டோடு சால்டர் செய்யுங்கள். கால்களை வெட்டுப்பள்ளம் இருக்கும் முனையிலிருந்து எண்ண வேண்டும். எதிர்முனையிலிருந்து எண்ணித் தவறான காலை வெட்டுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. இதைத் தயங்காமல் செய்யலாம், உரிமம் பெற்ற கார்ட்ரிட்ஜ்களும் வழக்கம்போலவே ஓடும். 1993-இல் வந்த, மேலிருந்து செருகும் மாடலில் பூட்டுச் சிப்பே இல்லை, எதையும் வெட்ட வேண்டாம்.

ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜில் (விளையாட்டுக் கோப்புகளை ஏற்றி ஓட்டும் கார்ட்ரிட்ஜ்) ஓட்டுபவர்கள், அது மேப்பர் 11-ஐ (மேப்பர் என்பது கார்ட்ரிட்ஜின் நினைவகத்தைப் பகுதி பகுதியாகக் கன்சோலுக்குக் காட்டும் சுற்று வகை) ஆதரிக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டு அந்த மேப்பரில்தான் இருக்கிறது.