கீழக்கரைக்கு ‘இன்’னா, ‘ஆன்’னா?

மாவட்டத்தில், தீவில், கடற்கரையில் என எல்லாவற்றுக்கும் தமிழில் ‘இல்’ ஒன்றே போதும். ஆங்கிலத்தில் அது பலவாகப் பிரியும். தடுமாற்றம் அங்கேதான்.

எல்லை உள்ள பரப்புக்குள் ஊர் இருந்தால் ‘இன்’: தொண்டி இஸ் இன் ராமநாதபுரம் டிஸ்ட்ரிக்ட். கரை, ஆறு என நீளும் கோடு ஒன்றை ஒட்டியிருந்தால் ‘ஆன்’: கீழக்கரை இஸ் ஆன் தி கல்ஃப் ஆஃப் மன்னார். இங்கே ‘இன்’ போட்டால் ஊரே தண்ணீருக்குள் கிடப்பதாகப் பொருள் வந்துவிடும். மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

தீவு என்றால் இன்னும் கவனம் வேண்டும். ராமேஸ்வரம் இருப்பது ‘ஆன்’ பாம்பன் ஐலண்ட். அந்தத் தீவு இருப்பதோ கரையை விட்டு விலகி, ‘ஆஃப்’ தி கோஸ்ட். இந்த ‘ஆஃப்’புக்கு இரண்டு எஃப், ஒன்றை விட்டால் ‘உடைய’ என்றாகிவிடும். பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள மண்டபம், ‘ஆன்’ தி மெயின்லேண்ட். இலங்கையும் தீவுதான், ஆனால் நாட்டின் பெயராகச் சொல்வதால் ‘இன்’ ஸ்ரீலங்கா.

முனை, ரயில் நிற்கும் இடம் போன்ற புள்ளிக்கு ‘அட்’.

திசையில் ஒரு சிறு சொல் ஊரையே நகர்த்திவிடும். கீழக்கரை ராமநாதபுரம் நகருக்கு வெளியே, தெற்கே இருக்கிறது. ஆகவே ‘டு தி சவுத் ஆஃப்’ ராமநாதபுரம் என்றே எழுத வேண்டும். ‘இன் தி சவுத் ஆஃப்’ என்றால் நகரின் தென்பகுதித் தெரு ஒன்றைத்தான் வாசிப்பவர் தேடுவார்.