மாஷ்மெலோ வேண்டாம், பூரி போதும்: பிள்ளைகளோடு பாஸ்குவுக்கும் நத்தாருக்கும் இரண்டு பலகாரப் பாடங்கள்

உயிர்த்த ஞாயிறு பாடத்துக்கு ஏதாவது பலகாரம் செய்யலாம் என்று இன்டர்நெட்டில் தேடினால் முதலில் வந்து நிற்பது மாஷ்மெலோ பணிஸ்தான். மாவுக்குள் ஒரு வெள்ளை மாஷ்மெலோவை வைத்து மூடிப் போறணையில் வேகவைப்பார்கள், அது உருகிப்போய் நடுவில் ஒரு பொந்து மிஞ்சும், உடனே பிள்ளையிடம் ‘பார், கல்லறை வெறுமையாக இருக்கிறது’ என்று காட்டுவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மட்டக்களப்பில் கல்லடிப் பக்கத்தில் என் ஞாயிறு பாடசாலை வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் போறணை இருக்கிறது? அதோடு மாஷ்மெலோவில் போடுகிற ஜெலற்றின் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. நம்முடைய ஊரில் பிள்ளைகள் தனியாக வரமாட்டார்கள், பக்கத்து வீட்டுச் சிநேகிதியையும் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள், அவள் இந்துவாக இருக்கலாம், பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் இருந்து உறவு வந்த வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். எல்லாரும் யோசிக்காமல் வாயில் போடக்கூடிய ஒன்றைச் செய்வதுதான் நல்லது.

அப்படித்தான் எனக்குப் பூரி பிடிபட்டது. வெந்தால் தானாக உப்பும், உடைத்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. இதைவிட என்ன வேண்டும்?

செய்முறைக்குப் போகுமுன் ஒரு விசயம். ஒரு பலகாரத்துக்கு ஒரு கருத்து போதும். நான் தொடங்கிய வருடம் மாவுக்கு ஓர் அர்த்தம், உப்புக்கு ஓர் அர்த்தம், தண்ணீருக்கு ஓர் அர்த்தம் என்று அடுக்கிக்கொண்டே போனேன், கடைசியில் ஒரு பொடியன் கையை உயர்த்தி, “அப்ப அகப்பை யாரு ரீச்சர்?” என்று கேட்டான். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

பாஸ்குப் பூரி

பெரிய வெள்ளியில் இதைச் செய்ய வேண்டாம், தவக்காலம் காக்கிற வீடுகளில் அன்று பலகாரச் சட்டியே அடுப்பில் ஏறாது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த பிறகு, அல்லது அன்று பின்னேரம் வையுங்கள்.

பதினாறு, பதினெட்டு சின்னப் பூரிக்கு 250 கிராம் கோதுமை மா போதும். அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி ரவை, ஒரு தேக்கரண்டி எண்ணெய், ஏறக்குறைய 125 மில்லிலீற்றர் தண்ணீர். ஆட்டா மா என்றால் தண்ணீர் கொஞ்சம் கூடக் குடிக்கும். பொரிக்கிற எண்ணெய் தனி. பக்கத்தில் தொட்டுச் சாப்பிடத் தேங்காய்ப்பூவைச் சர்க்கரையில் கிளறி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மா, உப்பு, ரவை, எண்ணெய் நான்கையும் கலந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழையுங்கள். ரொட்டிக்குக் குழைப்பதைவிட இறுக்கமாக இருக்க வேண்டும், இளகினால் எண்ணெய் குடித்துச் சப்பையாகப் போகும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், கை கழுவினார்களா என்று மட்டும் பாருங்கள். குழைத்த மாவை ஈரத்துணியால் மூடி இருபது நிமிடம் வையுங்கள்.

அந்த இருபது நிமிடம்தான் கதைக்கான நேரம். வெள்ளிக்கிழமை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், அப்புறம் கல்லில் வெட்டிய கல்லறை, வாசலில் புரட்டி வைத்த பெரிய கல், அதற்கு முத்திரை போட்டுக் காவல் வைத்தது, ஞாயிறு விடியப் பெண்கள் வாசனைத் திரவியங்களோடு நடந்து வந்தது. அவர்கள் வழியெல்லாம் தங்களுக்குள் கேட்டுக்கொண்டது ஒரே கேள்விதான்: அந்தக் கல்லை யார் புரட்டித் தருவார்? இதில் நிறுத்துங்கள். அடுத்ததைச் சொல்லவே வேண்டாம், அதைப் பூரி சொல்லும்.

மாவைச் சின்ன எலுமிச்சம்பழம் அளவில் உருட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் உருண்டையில் பெருவிரலால் ஒரு அமத்து, அதுதான் முத்திரை. பிறகு பலகையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி வட்டமாக உருட்ட வேண்டும். மா தூவி உருட்டாதீர்கள், அந்த மா எண்ணெயில் கருகிக் கசக்கும். ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெல்லிசு என்று இருந்தால் பூரி எழும்பாது. கிழிந்தாலும் எழும்பாது. மாவுக்குள் இருக்கிற ஈரம் சூட்டில் ஆவியாக மாறி வெளியே போக வழியில்லாமல்தான் இரண்டு தோலையும் பிரித்துத் தள்ளுகிறது, ஓட்டை இருந்தால் ஆவி அதனூடாக ஓடிவிடும். பெரிய பிள்ளைகளுக்கு இந்த விஞ்ஞானத்தையும் சொல்லுங்கள். கர்த்தரின் அற்புதத்தையும் பூரியின் ஆவியையும் குழப்பிக்கொள்கிற அளவுக்கு அவர்கள் முட்டாள்கள் இல்லை.

பொரிப்பது பெரியவர்கள் வேலை. நான் அடுப்புக்கு முன்னால் நிலத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு போடுவேன், அதைத் தாண்டினால் பூரி இல்லை, அவ்வளவுதான் சட்டம். எண்ணெய் நன்றாகக் காய வேண்டும். ஒரு துளி மாவைப் போட்டால் அடியில் தங்காமல் உடனே மேலே வர வேண்டும். பூரியைப் போட்டு மேலே வந்ததும் அகப்பையின் பின்பக்கத்தால் மெதுவாக அமத்தி விடுங்கள், ஒரு பக்கம் புடைத்து அப்படியே பந்தாகும். திருப்பிப் போட்டுப் பொன்னிறம் வந்ததும் எடுங்கள்.

முதல் வருடம் எனக்கு ஒன்றுகூட எழும்பவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் வெட்டவெளியில் அடுப்பை வைத்திருந்தேன், வாவிக் காற்றில் நெருப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது, எண்ணெய் காயவே இல்லை. பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கிறார்கள், ஏழு வயது மகள் ஒன்று மிகக் கவலையோடு, “ரீச்சர், இவர் இன்னும் எழும்பல்லயே” என்றது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்பைச் சுவரோரம் நகர்த்தினேன். ஆகவே முதல் நாளே வீட்டில் நாலு பூரி சுட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சுட்ட பூரியை உடனே கையில் கொடுக்கக் கூடாது, உள்ளே இருக்கிற ஆவி விரலைச் சுட்டுவிடும். ஐந்து நிமிடம் ஆறட்டும். எல்லாருக்கும் ஒவ்வொன்று வந்த பிறகு, “உள்ளுக்குள்ள என்ன இருக்கு, உடைச்சுப் பாருங்க” என்று மட்டும் சொல்லுங்கள். “ஒண்டுமில்ல!” என்று கத்துவார்கள். கத்தட்டும். அந்தச் சத்தம் அடங்கியதும் மத்தேயு 28:6ஐத் திறந்து ஒரு பிள்ளையை வாசிக்கவிடுங்கள்: “அவர் இங்கே இல்லை, தாம் சொன்னபடியே உயிர்த்தெழுந்தார்.” விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். பிள்ளை சாப்பிட்டுக்கொண்டே கேட்கும், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

இன்னொன்று, தேங்காய்ப்பூவைப் பூரிக்குள் அடைக்கக் கூடாது, பக்கத்தில்தான் வைக்க வேண்டும். நான் ஒரு தரம் அடைத்துக் கொடுத்தேன். “அப்ப இப்ப உள்ளுக்குள்ள இருக்கிறது யாரு?” என்று கேள்வி வந்தது, பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பாடத்தை மட்டக்களப்பில் வைக்கிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் நிறையப் பேர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் வீட்டில் கதை கேட்டுத்தான் வளர்கிறார்கள். கல்லறை என்ற சொல்லை எடுத்ததும் ஒரு பிள்ளை அமைதியாகிவிடலாம், “அவங்க எப்ப எழும்புவாங்க?” என்று கேட்கலாம். அந்த நேரம் பூரி காத்திருக்கட்டும். உடனே ஒரு வசனத்தைச் சொல்லி மூடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, யாரை நினைத்துக் கேட்கிறாய் என்று முதலில் கேளுங்கள். நம்முடைய நம்பிக்கையைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும், ஆனால் அழுகையை நிறுத்துவதற்காகச் சொல்லக் கூடாது. கிறிஸ்துவும் தம் சிநேகிதன் லாசரு இறந்தபோது அழுதிருக்கிறார்.

நத்தார்க் கொழுக்கட்டை

இது இன்னும் சுலபம், எண்ணெயில் பொரிக்கிற வேலை இல்லை, நாலு வயதுப் பிள்ளையும் செய்யும். மார்கழி மழையில் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிற நாட்களுக்கு ஏற்றது.

இருபது பேரீச்சம்பழம் எடுத்துக் கொட்டை நீக்குங்கள். காத்தான்குடி வீதி நடுவே நிற்கிற பேரீச்ச மரங்களைப் பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பார்கள், பெத்லகேம் பக்கத்திலும் அந்த மரம் உண்டு என்றால் ஊர் கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி இருக்கும். வறுத்த அரிசிமா ஒன்றரைக் கப், உப்பு ஒரு சிட்டிகை. கொதித்த தண்ணீரை நீங்கள் ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிண்டுங்கள், கை பொறுக்கிற சூடு வந்ததும் பிள்ளைகளிடம் கொடுங்கள். மா ஆறவிட்டால் வெடிக்கும், சூடாக இருக்கும்போதே வேலை முடிய வேண்டும்.

நெல்லிக்காய் அளவு மாவை எண்ணெய் தடவிய வாழையிலைத் துண்டில் வைத்துத் தட்டி, நடுவில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்து, இரண்டு பக்கத்தையும் இலையோடு தூக்கி ஒன்றின்மேல் ஒன்றாக மடிக்க வேண்டும். பழத்தின் நுனி மட்டும் வெளியே தெரியட்டும், அது முகம். துணியில் சுற்றிய பிள்ளை போலவே இருக்கும், பெண் பிள்ளைகள் அதைத் தாலாட்டத் தொடங்கிவிடுவார்கள், பொடியன்களும்தான். இடியப்பத் தட்டில் வைத்துப் பத்து நிமிடம் அவியுங்கள். ஒரு தட்டில் தேங்காய்ப்பூவைப் பரப்பினால் அது வைக்கோல், அதன்மேல் ஒவ்வொன்றாகக் கிடத்தலாம்.

வசனம் லூக்கா 2:12. துணிகளில் சுற்றி முன்னணையில் கிடத்திய பிள்ளைதான் மேய்ப்பர்களுக்குக் கொடுத்த அடையாளம். ராசா வீட்டுத் தொட்டிலில் இல்லை, மாட்டுக்குத் தீன் வைக்கிற இடத்தில். பெரிய வகுப்பென்றால் இன்னொன்றும் சொல்லலாம், பெத்லகேம் என்றால் எபிரேயத்தில் அப்ப வீடு. நாம் தினமும் தின்கிற பாண் என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது, நத்தாரும் பாஸ்குவும் அவர்கள் சொல்லே, 1628இல் இங்கே கோட்டை கட்டியவர்கள் விட்டுப்போனவை என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் வேறு எந்தெந்தச் சொல் என்று உங்களை விடமாட்டார்கள்.

மிகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பழத்தைத் துண்டாக வெட்டிக் கொடுங்கள், முழுசாக விழுங்கிவிடும்.

சொல்லக் கூடாதவை

வளைந்த கோல் மிட்டாயைக் காட்டி, இது இயேசுவின் பெயரின் ஆங்கில முதல் எழுத்து, ஒரு மிட்டாய்க்காரர் அதற்காகவே இப்படிச் செய்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. மேய்ப்பன் கோல் மாதிரி இருக்கிறது என்று சொல்லுங்கள், அது பொய் இல்லை. பிள்ளை பெரிதாகித் தேடிப் பார்க்கிற நாளில், ரீச்சர் மிட்டாய் விசயத்தில் சொன்னது பொய் என்றால் கல்லறை விசயத்தில் சொன்னது என்ன என்று நினைக்கும்.

மற்ற மதத்துப் பிள்ளை வகுப்புக்குள் வந்தால் தாய் தகப்பனிடம் கேட்காமல் பாடத்தில் உட்கார்த்தாதீர்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், வேண்டாம் என்றாலும் பலகாரம் அந்தப் பிள்ளைக்கு உண்டு. வசனம் சொன்னால்தான் இனிப்பு என்ற பேச்சே கூடாது, நம் பிள்ளைகளிடமும் கூடாது. பலகாரத்தைக் காட்டிப் பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு நம் ஊரில் எவ்வளவு சீக்கிரம் பரவும் என்று உங்களுக்குத் தெரியும், சில இடங்களில் அதில் நியாயமும் இருந்திருக்கிறது.

மிஞ்சியதை அன்றே அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள். பூரி மறுநாள் தோல் மாதிரி ஆகிவிடும், கொழுக்கட்டையைத் திரும்ப அவித்தால் ஒரு நாள் தாங்கும். தட்டைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள், யார் வீட்டுக்கு என்று மட்டும் சொல்லிவிடுங்கள். தட்டின் அடியில் பெயர் எழுதி ஒட்டி அனுப்புங்கள், போன நத்தாருக்குப் போன என் இரண்டு எவர்சில்வர் தட்டும் இன்னும் எந்த வீட்டில் இருக்கிறது என்று தெரியாது.