சம்பளம் குறையாமல் வேலை நேரத்தைக் குறைக்க அரசு மானியம்: விண்ணப்பிக்கும் முன் ஒரு நிறுவனம் பார்க்க வேண்டியவை

பணியாளரின் சம்பளத்தில் கை வைக்காமல் வேலை நேரத்தை மட்டும் குறைத்துப் பார்க்க முன்வரும் நிறுவனங்களுக்கு, அதனால் ஏற்படும் செலவில் ஒரு பங்கை அரசே ஏற்கும் திட்டங்கள் சில நாடுகளில் வந்துள்ளன. போலந்தும் தென் கொரியாவின் கியோங்கி மாகாணமும் 2025இல் தொடங்கின. ஸ்பெயினின் வலென்சியா தன்னாட்சிப் பகுதி அதற்கு முன்பே தொடங்கியது. பிரான்ஸ் 1996இலேயே வேலை நேரக் குறைப்புக்கு உதவ ஒரு சட்டம் இயற்றியது. இத்தகைய நாடுகளில் நிறுவனம் நடத்துபவர்களும், அங்குள்ள நிறுவனங்களில் மனிதவளப் பொறுப்பில் இருப்பவர்களும் விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் முன் செய்ய வேண்டிய வேலைகள் இங்கே சொல்லப்படுகின்றன. எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். மானியம் சில ஆண்டுகளில் நின்றுவிடும், ஆனால் குறைத்த நேரம் அதன் பிறகும் தொடர வேண்டும் என்றே அரசுகள் எதிர்பார்க்கின்றன. ஆகவே மானியம் நின்ற மறுமாதம் சம்பளப் பட்டியல் எப்படி இருக்கும் என்பதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும்.

சட்டமா, அறிவிப்பா?

செய்தியில் வந்த திட்டமெல்லாம் நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், வாரத்துக்கு 40 மணி நேரத்தை 32 ஆகக் குறைக்கும் நிறுவனங்களுக்கு வரிச் சலுகை அளிக்கும் மசோதா 2023இல் கொண்டுவரப்பட்டது. உலகமெங்கும் பேசப்பட்ட அந்த மசோதா அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. ஸ்பெயினில் சட்டப்படியான வேலை வாரத்தை 37.5 மணி நேரமாகக் குறைக்கும் மசோதா 2025 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் தோற்றது. ஆகவே அரசிதழில் வெளியான விதிமுறை, நிதி ஒதுக்கீடு, விண்ணப்பத் தேதி ஆகிய மூன்றும் கண்ணில் படும் வரை, வரப்போகும் மானியத்தை நம்பிப் பணியாளர்களிடம் எந்த வாக்கும் கொடுக்காதிருப்பது நல்லது. கொடுத்த பிறகு திரும்பப் பெறுவது மிகவும் கடினம்.

விதிமுறை வந்த பிறகும் மானியம் கிடைப்பது உறுதியில்லை. போலந்தின் குடும்ப, தொழிலாளர், சமூகக் கொள்கை அமைச்சகம் 2025 ஆகஸ்ட் 14 முதல் செப்டம்பர் 15 வரை விண்ணப்பங்களைப் பெற்றது. வந்தவை 1,994, தேர்வானவை 90. ஏறக்குறைய இருபத்திரண்டு பேரில் ஒருவருக்குத்தான் இடம் கிடைத்தது.

எதை நேரக் குறைப்பாக ஏற்கிறார்கள்?

நான்கு நாள் வேலை என்றதும் இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கம். மொத்த மணி நேரம் மாறாமல் அதை நான்கு நாளுக்குள் அடைப்பது ஒன்று, மொத்த மணி நேரத்தையே குறைப்பது மற்றொன்று. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்ட தொழிற்சாலைகள் திருத்த மசோதா முதல் வகையைச் சேர்ந்தது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க அது வழிவிட்டது, வாரத்தின் 48 மணி நேரத்தைத் தொடவில்லை. இந்தக் குறிப்பில் வரும் திட்டங்கள் எதுவும் அத்தகைய ஏற்பாட்டுக்குப் பணம் தருவதில்லை. மொத்த நேரம் உண்மையிலேயே குறைய வேண்டும் என்பதே அவற்றின் முதல் நிபந்தனை.

எவ்வளவு குறைய வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. வலென்சியா 20 சதவீதம் கேட்டது. ஸ்பெயின் மத்திய அரசின் தொழில் அமைச்சகம் சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்களுக்காக ஒரு கோடி யூரோ ஒதுக்கிய திட்டத்தில் 10 சதவீதம் போதும் என்றது, ஆனால் இரண்டு ஆண்டாவது தொடர வேண்டும் என்றது. கியோங்கி மாகாணம் வாரத்துக்கு நாலரை நாள், 35 மணி நேர வாரம், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நான்கு நாள் என்று சில வழிகளைக் கொடுத்துத் தேர்வை நிறுவனத்திடம் விட்டது. போலந்திலும் நாளின் நேரத்தைக் குறைக்கலாம், வேலை நாளைக் குறைக்கலாம், அல்லது விடுப்பு நாட்களைக் கூட்டலாம். ஷிப்ட் முறையில் இயந்திரம் ஓடும் பட்டறைக்கு, எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை என்ற முறையைவிடச் சுழற்சியில் வரும் கூடுதல் விடுப்பு பொருந்தும். வாடிக்கையாளர் வந்து போகும் கடைக்கோ நாளின் நேரத்தைக் குறைத்து இரண்டு குழுவாகப் பிரிப்பது பொருந்தலாம். பிறர் செய்ததைப் பார்த்து நாமும் அதையே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்பது அதைவிட முக்கியம், பலரும் கோட்டைவிடுவதும் இங்கேதான். தேநீர் இடைவேளை, சீருடை மாற்றும் நேரம், ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் கால் மணி நேரம் ஆகியவை இன்று வேலை நேரத்தில் சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நாளை அவற்றை வெளியே தள்ளிவிட்டால், யாரும் ஒரு நிமிடம்கூட முன்னதாக வீட்டுக்குப் போகாமலே காகிதத்தில் வேலை நேரம் குறைந்துவிடும். பிரான்ஸில் 1998 ஜூனில் வந்த, வேலை வாரத்தை 35 மணி நேரமாக்க வகைசெய்த முதல் ஒப்ரி சட்டம் இதை முன்கூட்டியே கவனித்தது. அரசு உதவி பெற வேண்டுமானால், கணக்கிடும் முறையை மாற்றாமலே நேரம் 10 சதவீதம் குறைந்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. உங்கள் நாட்டு விதியில் இப்படி ஒரு வரி இல்லாவிட்டாலும் நீங்களாகவே அதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். பின்னாளில் தணிக்கையாளரும் தொழிற்சங்கமும் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பணக் கணக்கு

உதவி மூன்று வடிவங்களில் வருகிறது. ஓர் ஆளுக்கு இவ்வளவு என்ற நிலையான தொகை, முதலாளி கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புச் சந்தாவில் தள்ளுபடி, வருமான வரியில் கழிவு ஆகியவையே அவை. பிரான்ஸ் முதல் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தது. 1996இன் ரொபியான் சட்டம் நேரத்தை 10 சதவீதம் குறைத்து அதே அளவு ஆள் சேர்த்த நிறுவனத்துக்கு முதலாளி சந்தாவில் முதல் ஆண்டு 40 சதவீதமும் அடுத்த ஆறு ஆண்டுகள் 30 சதவீதமும் தள்ளுபடி கொடுத்தது. ஒப்ரி சட்டம் அதை மாற்றி, முந்திக்கொண்டு ஒப்பந்தம் செய்தவர்களுக்கு ஓர் ஆளுக்கு முதல் ஆண்டு 9,000 பிராங்க் என்று தொடங்கி, ஆண்டுக்கு ஆயிரம் வீதம் இறங்கி ஐந்தாம் ஆண்டில் 5,000 பிராங்கில் முடியும் நிலையான தொகையாக்கியது. சதவீதத் தள்ளுபடி உயர்ந்த சம்பளம் கொடுக்கும் நிறுவனத்துக்கு அதிகமாகப் பயன்படும், நிலையான தொகை குறைந்த சம்பளப் பணியாளர் நிறைந்த இடத்துக்கு அதிகமாகப் பயன்படும். வரிக் கழிவு என்றால், கட்ட வேண்டிய வரியே இல்லாத நட்ட ஆண்டில் அதனால் ஏதாவது கையில் வருமா என்று கணக்காளரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

வலென்சியாவின் தொகையை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழு நேர நிரந்தரப் பணியாளர் ஒருவருக்கு முதல் ஆண்டு சுமார் 5,492 யூரோ, இரண்டாம் ஆண்டு அதில் பாதியான 2,746, மூன்றாம் ஆண்டு மறுபடியும் பாதியான 1,373 யூரோ தரப்பட்டது. சந்தா உட்பட ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 30,000 யூரோ செலவாகும் பட்டறை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். வாரத்துக்கு 40 மணி நேரத்தை 32 ஆக்கினால், வேலை செய்யாத எட்டு மணி நேரத்துக்காகக் கொடுக்கும் சம்பளம் ஆண்டுக்கு 6,000 யூரோ. முதல் ஆண்டு கையிலிருந்து போவது சுமார் 508 யூரோ மட்டுமே. இரண்டாம் ஆண்டு அது 3,254 ஆகும், மூன்றாம் ஆண்டு 4,627 ஆகும், நான்காம் ஆண்டு முழு ஆறாயிரமும் நிறுவனத்தின் தலையில் விழும். இதையே நேரமாக மாற்றிப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். விட்டுக்கொடுத்த எட்டு மணி நேரத்தில், முதல் ஆண்டு வாரத்துக்கு 40 நிமிட வேலையை வேறு வழியில் மீட்டால் போதும். இரண்டாம் ஆண்டு ஏறக்குறைய நாலே கால் மணி நேரம், மூன்றாம் ஆண்டு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல், அதன் பிறகு எட்டு மணி நேரத்தையும் மீட்டாக வேண்டும். முதல் ஆண்டின் சுகத்தைப் பார்த்து மயங்குபவர்கள் இரண்டாம் ஆண்டில்தான் திணறுவார்கள். மானியம் பாதியாகும் அந்தத் தேதிக்குள் எந்தக் கூட்டத்தை நிறுத்துவது, எந்த அறிக்கையைக் கைவிடுவது, எந்த இயந்திரத்தை மாற்றுவது என்ற பட்டியல் செயலுக்கு வந்திருக்க வேண்டும். வலென்சியா ஒப்பந்தத்தோடு உற்பத்தித் திறன் திட்டம் ஒன்றையும் கேட்டது வெறும் சடங்குக்காக என்று நான் நினைக்கவில்லை.

பணம் முன்பணமாக வருமா, செலவழித்த பிறகு ரசீது காட்டினால் திரும்பக் கிடைக்குமா என்பதையும் பாருங்கள். பின்னதாக இருந்தால், இடைப்பட்ட மாதங்களைத் தாங்கும் நடைமுறை மூலதனம் கையில் இருக்க வேண்டும்.

ஆள் கணக்கு

மானியத்தோடு ஆள் எண்ணிக்கை பற்றிய நிபந்தனைகளும் வரும். போலந்துத் திட்டம் இதைக் காட்ட நல்ல உதாரணம். நிறுவனம் குறைந்தது 12 மாதம் இயங்கியிருக்க வேண்டும். பணியாளரில் 75 சதவீதம் பேராவது முறையான வேலை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பாதிப் பேராவது சோதனையில் சேர்க்கப்பட வேண்டும். சோதனைக் காலத்தில் ஆள் எண்ணிக்கை தொடக்கத்தில் இருந்ததில் 90 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. நாற்பது பேர் உள்ள நிறுவனத்தில் முப்பது பேர் வேலை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், இருபது பேருக்கு நேரம் குறைய வேண்டும், எண்ணிக்கை 36க்குக் கீழே இறங்கக் கூடாது. ஓர் ஆளுக்கு உச்சம் 20,000 ஸ்லோட்டி, ஒரு நிறுவனத்துக்கு உச்சம் 10 லட்சம் ஸ்லோட்டி. ஐம்பது பேரைத் தாண்டினால் தலைக்குக் கிடைக்கும் பங்கு சுருங்கத் தொடங்கும். ஓய்வு பெறப் போகிறவர்கள், ஒப்பந்தம் முடியப் போகிறவர்கள் யார் யார் என்று பெயர் வாரியாக எழுதிப் பார்க்காமல் இந்த 90 சதவீத வாக்கைக் கொடுக்கக் கூடாது.

பணியாளரோடு ஒப்பந்தம்

பிரான்ஸில் தொழிற்சங்கப் பிரதிநிதி இல்லாத சிறு நிறுவனங்களில்கூட, வெளியிலுள்ள சங்கம் ஒன்று ஒரு பணியாளருக்கு அதிகாரம் கொடுத்து அவர் வழியாக ஒப்பந்தம் எழுத வழி செய்தார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லாத இடத்திலும் எழுத்தில் உள்ள ஒப்பந்தம் அவசியம். அதில் இரண்டு விஷயங்கள் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

முதலாவது ஓவர்டைம். சம்பளம் மாறாமல் 40 மணி நேரம் 32 ஆனால் ஒரு மணி நேரத்தின் விலை 25 சதவீதம் ஏறுகிறது. 33ஆவது மணி நேரத்துக்கு எந்த வீதத்தில் கொடுப்பது என்று எழுதாமல் விட்டால், முதல் அவசர ஆர்டர் வரும் வாரத்திலேயே தகராறு வரும். இரண்டாவது பகுதி நேரப் பணியாளர். குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காக ஏற்கெனவே 32 மணி நேரத்துக்கு மாறி, 80 சதவீதச் சம்பளம் மட்டும் வாங்கிவரும் ஒருவர் பெரும்பாலான அலுவலகங்களில் இருப்பார். பக்கத்து மேசைக்காரர் இனி அதே 32 மணி நேரத்துக்கு முழுச் சம்பளம் வாங்குவார். அந்தப் பகுதி நேரப் பணியாளருக்குச் சம்பளத்தை உயர்த்துவதா, அவருடைய நேரத்தையும் அதே விகிதத்தில் குறைப்பதா என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். அந்தச் செலவையும் மேலே போட்ட கணக்கில் சேர்க்க வேண்டும். வலென்சியாவைப் போல, மானியம் முழு நேரப் பணியாளருக்கு மட்டுமே வரலாம்.

அளவீடு

அரசு பணம் கொடுப்பதன் நோக்கங்களில் ஒன்று தரவு. கியோங்கி மாகாணம் 68 நிறுவனங்களைச் சேர்த்து, ஓர் ஆளுக்கு மாதம் 2,60,000 வோன் வரை கொடுப்பதோடு, ஆலோசனைக்கும் வருகைப் பதிவு முறையை அமைப்பதற்கும் நிறுவனத்துக்கு 2 கோடி வோன் வரை தனியாக ஒதுக்கியது இதற்காகவே. நேரத்தைக் குறைப்பதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே உற்பத்தி, தாமதமான ஆர்டர், நோய் விடுப்பு, வேலையை விட்டவர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பதிவு செய்யத் தொடங்கிவிடுங்கள். குறைத்த பிறகு பதிவைத் தொடங்கினால் எதனோடு ஒப்பிடுவது என்றே தெரியாமல் போகும். வீட்டிலிருந்து அனுப்பும் இரவு நேர மின்னஞ்சல்களையும் கவனியுங்கள். வருகைப் பதிவில் 32 மணி நேரமும் உண்மையில் 38 மணி நேரமும் உழைக்கப்பட்டால், அது தணிக்கையில் மானியத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிலைக்கு உங்களைக் கொண்டுபோகலாம்.

தேர்வாகாத நிறுவனங்கள் இந்தத் தயாரிப்பெல்லாம் வீண் என்று எண்ண வேண்டியதில்லை. பிரிட்டனில் 2022இல் ஆறு மாதம் நடந்த, பலரும் மேற்கோள் காட்டும் சோதனையில் கலந்துகொண்ட 61 நிறுவனங்கள் அரசு மானியம் இல்லாமலே நேரத்தைக் குறைத்தன. சோதனை முடிந்தபோது 56 நிறுவனங்கள் தொடர்ந்தன.

மானியம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், திரும்பிப் போகும் வழியையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். எந்த அளவுகோல் எந்த நிலைக்கு இறங்கினால் பழைய நேரத்துக்குத் திரும்புவது, அதை யார் யார் சேர்ந்து முடிவு செய்வது, எவ்வளவு நாள் முன்னறிவிப்பு கொடுப்பது, வாங்கிய மானியத்தில் எவ்வளவைத் திருப்பிக் கட்ட நேரும் என்பவையெல்லாம் அதில் இருக்க வேண்டும். இந்த மறுஆய்வுக்கான தேதியை, கடைசித் தவணை வருவதற்கு ஆறு மாதமாவது முன்னதாக வையுங்கள்.