கடன் வாங்காமல் கழித்தல்: மூன்றாம் வகுப்புக்கு ஓர் ஈர்க்குச்சிப் பாடம்

52-இல் 27 போனால் எவ்வளவு? போன வருஷம் என் மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் 35 என்று எழுதினார்கள். 7-இல் 2 போனால் 5, 5-இல் 2 போனால் 3. "பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும்" என்று ஒன்றாம் வகுப்பில் நாம் சொன்னதை அப்படியே செய்திருக்கிறார்கள். எங்களுடையது மன்னார்குடிப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளி. ஒன்றாம் வகுப்பில் சொன்னவனும் நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

அதில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு வேறு மாதிரி கேட்டேன். "கொள்முதல் நிலையத்துக்கு அப்பா 52 மூட்டை கொண்டுபோனார். 27 மூட்டை எடை போட்டாச்சு, மழை வந்துடுச்சு. எத்தனை மூட்டைக்குத் தார்ப்பாய் போடணும்?"

"25 சார்."

"எப்படிம்மா?"

"27-க்கு மேல மூணு வச்சா 30. அப்புறம் இருபது, அப்புறம் ரெண்டு."

நோட்டில் 35, வாயில் 25. இரண்டும் ஒரே கணக்கு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதற்குத்தான் கீழே உள்ள மூன்று நாள் பாடம்.

முதலில் பொருள்கள். தென்னை ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள், நான்கு பேர் குழுவுக்கு 60 குச்சி போதும். கூர் முனையை வெட்டிவிடுங்கள். ஐஸ் குச்சி காசு தண்டம். ஐப்பசி மழையில் தீக்குச்சி நமுத்துப்போகிறது. ஆணிமணிச்சட்டம் (அபாகஸ்) இந்தப் பாடத்துக்கு வேண்டாம் என்பது என் கட்சி. பத்துகள் ஆணியில் இருக்கும் ஒரு மணியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பத்து இருக்காதே!

கட்டுவதற்கு ரப்பர் பேண்டு வாங்கினேன். அரைமணி நேரத்தில் பாதி அறுந்தது, மீதி அடுத்தவன் காதுக்குக் குறிவைத்துப் பறந்தது. வாழைநார் அழகாக இருக்கும், ஆனால் முடிச்சு அவிழாது. கடைசியில் சைக்கிள் கடையில் பழைய டியூப் கேட்டு வாங்கி, வளையம் வளையமாக வெட்டிக்கொண்டேன். இன்றுவரை அதுதான். பைக் டியூப் அகலம், பத்துக் குச்சியைப் பிடிக்காது.

முதல் நாள்: கட்டுவது மட்டும். நான் சறுக்கிய இடம் இது. முதல் தடவை ராத்திரி உட்கார்ந்து எல்லாக் கட்டுகளையும் நானே கட்டி எடுத்துக்கொண்டு போனேன். பாடம் படுத்துவிட்டது. ஒரு கட்டைக் கொடுத்து எத்தனை என்று கேட்டால், பிள்ளைகள் வளையத்துக்குள் விரலை விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார்கள். நான் கட்டியதை அவர்கள் ஏன் நம்ப வேண்டும்? அவர்கள் கண்ணுக்கு அது பத்து இல்லை, வெறும் குச்சிக் கட்டு.

அவர்களே எண்ணி, அவர்களே கட்டட்டும். ஒருவர் கட்டியதை இன்னொருவர் பிரித்து எண்ணிப் பார்க்கட்டும். ஒன்பது குச்சி வைத்த கட்டு ஒன்று கட்டாயம் மாட்டும், அன்று வகுப்பே களைகட்டும். நாற்று முடியை உதாரணம் சொல்லாதீர்கள், முடிக்கு முடி நாற்று கூடும், குறையும். வாழைச் சீப்பும் அப்படித்தான். வெற்றிலைக் கவுளி சரிப்படும், அதில் 100 என்று கணக்கு உண்டு.

இரண்டாம் நாள்: நோட்டு கிடையாது. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு இடப்பக்கம் பத்துகள், வலப்பக்கம் ஒன்றுகள். 5 கட்டு, 2 உதிரி வைக்கச் சொல்லுங்கள். 27-ஐச் சிலேட்டில் எழுதினால் போதும், அதையும் குச்சியால் வைக்கவிட்டால் கூட்டிவிடுவார்கள்.

"7 எடு" என்றதும் கை நின்றுபோகும். இங்கே நாம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். ஒரு நிமிடம் பொறுத்தால் யாராவது ஒருவர் வளையத்தைக் கழற்றிவிடுவார். பத்துக் குச்சியும் வலப்பக்கம் போய் ஏற்கெனவே இருக்கும் 2-உடன் சேர வேண்டும். சிலர் அந்த 2-ஐ மறந்துவிட்டுப் பத்திலிருந்து மட்டும் எடுத்து 3 என்பார்கள். "ஒன்றுகள் பக்கம் மொத்தம் எத்தனை?" என்று எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

"கடன் வாங்கு" என்ற சொல்லை நான் விட்டுவிட்டேன். ஒரு பையன் கணக்கு முடிந்ததும் பத்துகளில் ஒன்றைக் கூட்டி வைத்திருந்தான். கேட்டால், "கடனைத் திருப்பிக் குடுத்துட்டேன் சார்." குறுவைக்கு வாங்கிய கடன் பேச்சு ஓடும் வீட்டுப் பிள்ளை, வேறு என்ன செய்வான்? புத்தகத்தில் இனமாற்றம் என்று இருக்கும். வகுப்பில் "கட்டைப் பிரி" போதும்.

மூன்றாம் நாள்: ஒரு கை குச்சியில், ஒரு கை சிலேட்டில். வளையத்தைக் கழற்றியதும் 5-ஐ அடித்து 4, 2-ஐ அடித்து 12. கழற்றாமல் அடிக்கக் கூடாது. விடை வந்ததும் மூட்டைக் கணக்காகச் சொல்லிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் அரும்பு என்ற தொடக்க நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு முதல் நாள் வேலையையே தொடரலாம், அவசரமில்லை.

பின்னர் சேர்த்தது: நடுவில் பூஜ்யம் வந்தால் என்ன செய்வது என்று இரண்டு ஆசிரியைகள் கேட்டிருந்தார்கள். 203-இல் 48. குழுக்களின் குச்சிகளை ஒன்றுசேர்த்து, பத்துக் கட்டுகளை ஒரு துணிக்கயிற்றில் சேர்த்துக் கட்டிப் பெரிய கட்டு ஆக்குங்கள். அப்படி இரண்டு. உதிரி மூன்று. பத்துகள் பக்கம் காலி.

பெரிய கட்டைப் பிரித்ததும் பிள்ளைகள் உள்ளே இருக்கும் சின்னக் கட்டு அத்தனையையும் அவிழ்த்து நூறு குச்சியையும் கொட்டிவிடுவார்கள். எனக்கும் அதுதான் நடந்தது. கயிற்றை மட்டும் அவிழ்த்து, பத்துக் கட்டையும் நடுவில் வைத்துவிட்டு, அதில் ஒன்றின் வளையத்தை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். நடுவில் 9 கட்டு மிச்சம், ஒன்றுகளில் 13. பூஜ்யத்தை அடித்து 9 எழுதுகிறோமே, அந்த 9 எங்கிருந்து வந்தது என்று பல வருஷம் சொல்லிக்கொடுத்த எனக்கே அன்றுதான் கண்ணில் தெரிந்தது. விடை 155.

இன்னொன்று: மணி அடிப்பதற்கு முன்பே டியூப் வளையங்களை எண்ணி வாங்கிவிடுங்கள். அடித்த பிறகு கேட்டால் பாதி உண்டிவில்லாகியிருக்கும்.