புறாமலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தொப்பி மறந்தது, தண்ணீர்ப் போத்தல் மறந்தது போன்றவற்றை எழுதப்போவதில்லை. அவற்றை வெயிலே கற்றுக்கொடுத்துவிடும். திருகோணமலைக்கு வடக்கே உள்ள நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் புறாமலை என்ற தீவு 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதே அதற்கு வினை. குளிக்கப் போகும் இடம் என்று நினைத்தே பலர் படகேறுகிறார்கள்.

பருவம் பார்க்காமல் வருவது

மே முதல் செப்டெம்பர் வரை வாருங்கள். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் "இன்று கடல் பரவாயில்லை" என்று யார் சொன்னாலும் ஏறாதீர்கள்.

முருகைக்கல்லின் (பவளப்பாறையின்) மேல் வைத்து நீந்தப் பழகுவது

அதை மிதிக்கக் கூடாது என்று வழிகாட்டிகளாகிய நாங்கள் படகிலேயே சொல்லிவிடுகிறோம். எல்லோரும் தலையாட்டுகிறார்கள், பிறகு மிதிக்கிறார்கள். பெரும்பாலும் பயம்தான் காரணம். நீருக்குள் பார்க்கப் போடும் வாடகை முகமூடி பொருந்தாமல் மூக்குப் பக்கம் உப்புநீர் ஏறும், வாய்க்குள் ஒரு மிடறு போகும், உடனே கால் தரையைத் தேடும். புறாமலையின் இரு தீவுகளில் பெரியதைச் சுற்றிப் பல இடங்களில் ஆழம் குறைவு. அங்கே காலுக்குக் கிடைக்கும் தரை, கிளைவிட்டு நிற்கும் உயிருள்ள முருகைக்கல்.

போன பருவத்தில் ஒரு குடும்பம் வந்தது. தகப்பனார் நல்ல நீச்சல்காரர். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். முகமூடி போடுவது அன்றுதான் முதல் தடவை. கரையோரம் சற்றுப் பழகுங்கள் ஐயா என்றதற்கு, "குளத்தில் வளர்ந்தவன் தம்பி நான்" என்று சிரித்தார். இறங்கிய சற்று நேரத்தில் எழுந்து நின்று, ஆற அமர முகமூடிக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். காலடியில் கிளைகள் நொறுங்கும் சத்தம் நீருக்குள் இருந்த எனக்குக் கேட்டது. மகளும் அப்பாவைப் பார்த்துப் பக்கத்தில் வந்து நின்றாள். தலையை உயர்த்திக் கத்தினேன். பதிலுக்கு உற்சாகமாகக் கையசைத்தார். உள்ளங்கால் கிழிந்த பிறகுதான் நகர்ந்தார்.

கிளைவிடும் முருகைக்கற்களே ஆண்டுக்குச் சென்ரிமீற்றர் கணக்கில்தான் வளரும். உருண்டு திரண்ட வகைகள் இன்னும் மெதுவானவை. 1998இல் கடல் சூடேறி தென்மேற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவைப் பவளங்கள் வெளிறி மடிந்தபோது திருகோணமலைப் பக்கம் பெருமளவு தப்பியது. அதைத் தாண்டி வந்த பாறை ஒரு கண்ணாடி துடைக்கும் நேரத்தில் உடைவதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

ஆகவே மணல் அடியுள்ள இடுப்பளவு நீரில் முதலில் பழகுங்கள். வாரை மாட்டாமல் முகமூடியை முகத்தில் பதித்து மூக்கால் மெல்ல மூச்சிழுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அது உங்களுக்குப் பொருந்துகிறது. மீசைக்காரர்களுக்கு நீர் கசியும். கொஞ்சம் வாசலின் தடவலாம். மூச்சுவிட வாயில் வைக்கும் குழாயில் நீர் புகுந்தால் பலமாக ஊதித் தள்ளுங்கள். பயம் வந்தால் நிற்காமல் மல்லாந்து மிதந்திருங்கள். மிதப்பு அங்கி போட்டவர்கள் கவனிக்க: தலையை நிமிர்த்தினால் கால் கீழே தொங்கி முருகைக்கல்லை உதைக்கும். முகத்தை நீரில் வைத்துக் குப்புறக் கிடந்தால்தான் கால் மேலே வரும்.

சுறாவைத் துரத்துவது

இங்கே காணக்கிடைக்கும், துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் கூச்சமுள்ளவை. துரத்தினால் மறைந்துவிடும், அசையாமல் மிதந்தால் மீண்டும் அந்தப் பக்கம் வரக்கூடும். ஆமை மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும், அதன் வழியை மறிக்காதீர்கள்.

பாறையில் ஏறுவது

தீவுக்குப் பெயர் தந்த மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளில்தான் கூடு வைக்கின்றன. ஆங்கிலேயர் இத்தீவைச் சுடும் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள். அந்தக் காலத்தையே தாண்டி வந்த பறவைகளை ஒரு செல்பிக்காகக் கலைக்க வேண்டுமா? கடற்பறவைகள் அமர்ந்திருக்கும் பாறைகளுக்கும் இதுவே விதி.

சன்ஸ்கிரீன்

அதைப் பூசுவதற்குப் பதிலாக முழுக்கைச் சட்டை போடுங்கள்.

கரையில் கிடக்கும் முருகைக்கல் துண்டுகளைப் பொறுக்குவது

சட்டப்படி குற்றம். "செத்ததுதானே" என்று வனசீவராசிகள் திணைக்கள அலுவலரிடம் வாதாடப் போகிறவர்கள் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.