உங்கள் பகுதிக்கு மதிப்பெண் போடும் முன்

ஸ்காட்லாந்தில் 2015-இல் வெளியான ‘பிளேஸ் ஸ்டாண்டர்ட்’ என்ற மதிப்பீட்டுக் கருவி ஒரு குடியிருப்புப் பகுதியை 14 கேள்விகளில் எடைபோடுகிறது: நடமாட்டம், பேருந்து, பசுமை, விளையாட்டிடம், வீடு, பாதுகாப்பு, பராமரிப்பு என்று நீளும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். 1 என்றால் மாற வேண்டியது ஏராளம். 7 என்றால் அநேகமாக ஒன்றுமில்லை. வட்டப் படத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் மையத்திலிருந்து ஒரு கோடு; அதில் மதிப்பெண்ணுக்குப் புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்தால், உள்ளே குழிகிற இடத்தில்தான் வேலை.

முதலில் வரைபடத்தில் எல்லையைக் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் தன் தெருவுக்கும் இன்னொருவர் மொத்த ஊருக்கும் மதிப்பெண் போடுவார். உட்கார்ந்த இடத்திலேயே போடாமல் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள், இருட்டிய பிறகும் ஒரு முறை. ஸ்காட்லாந்தில் டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் இதைத் தவிர்க்கவே கூடாது.

பலர் சொதப்புவது சராசரியில். பாதுகாப்புக்கு இளைஞர்கள் 6, தனியே வரும் பெண்கள் 2 போட்டால் சராசரி 4. பிரச்சினையே காணாமல் போய்விடும். குழுவாரியாகத் தனித்தனிப் படம் வரையுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுத வைக்க வேண்டும். வெறும் ‘2’ கவுன்சிலுக்கு, அதாவது உள்ளாட்சிக்கு, எதற்கும் உதவாது. “பேருந்து நிறுத்தத்தில் விளக்கு எரியவில்லை, சக்கர நாற்காலி இறங்க நடைபாதையில் சரிவு இல்லை” என்றால் ஆளை அனுப்பலாம்.